மச்சானுக்கு ஒரு மஞ்சள் குழாய்

மார்ச் 4, ஞாயிறு

கடலுக்கடியில் நீந்தும் ஸ்கூபா வகுப்புக்கு மனைவியும் நானும் போவதாகத்தான் பேச்சு. இவள் காதைப் பார்த்த டாக்டர், குளிக்கும்போதே பஞ்சு வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். சரி, இரண்டு பேர் பெயரையும் எடுத்துவிடுவாள் என்று நிம்மதியாக இருந்தேன். இன்று காலை வந்து சொல்கிறாள் - தன் இடத்தில் தம்பியின் பெயரைக் கொடுத்துவிட்டாளாம்.

நானும் மச்சானும் பேசி இரண்டு வருடம் ஆகிறது. வீடு மாறிய அன்று வாஷிங் மெஷினை மாடிப்படியில் தூக்கி வரும்போது அவனுக்கு போன் வந்தது. எடுத்தான். மெஷினை விட்டான். அது என் காலில் வந்து உட்கார்ந்தது. "கண்ணாடி விக்கறவனுக்கே கண்ணு தெரியல" என்று நான் சொன்னது அங்கே நின்ற எல்லார் காதிலும் விழுந்தது. அவன் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரன். அன்றோடு சரி.

அதிலிருந்து எங்களுக்கு நடுவில் தூது போகிறவள் இவள்தான். அவன் ஒரு தண்டம் என்று நான் சொன்னால், அங்கே போய் "மாமா உன்னை ரொம்ப விசாரிச்சார்" என்பாள். அவன் என்ன சொல்லி அனுப்புகிறானோ, எனக்கு வந்து சேர்வதும் அதே விசாரிப்புதான். இரண்டு வருடமாக நாங்கள் ஒருவரையொருவர் இப்படி ஓயாமல் விசாரித்துக்கொண்டிருக்கிறோம்.

"அவன்கூட நான் எப்படிப் போறது?" என்றேன்.

"தண்ணிக்குள்ள யாரும் பேச முடியாதாம். உங்க ரெண்டு பேருக்கும் அதைவிடத் தோதான இடம் எங்க கிடைக்கும்?"

சிரித்துக்கொண்டே சொன்னாள். ஆனால் கண் சிரிக்கவில்லை. இப்படியே போனால் ஒரு நல்லது கெட்டதுக்குக்கூட நாங்கள் ஒன்றாக நிற்க மாட்டோம் என்ற பயம் அவளுக்கு இருக்கிறது. எனக்கும் இருக்கிறது. அதை அவளிடம் சொல்லவா முடியும்?

மார்ச் 10, சனி

வகுப்பு நடப்பது ஒரு பள்ளிக்கூடத்து நீச்சல் குளத்தில். குளோரின் நாற்றம் இன்னும் மூக்கை விட்டுப் போகவில்லை. பயிற்சி கொடுப்பவர் ஒரு பெண், என் வயதில் பாதிதான் இருக்கும். கழுத்தில் விசில். ஒரு ஊது ஊதினால் நடக்கிறவர் நிற்கிறார், நிற்கிறவர் உட்காருகிறார். மனதுக்குள் விசிலம்மா என்று பெயர் வைத்துவிட்டேன்.

"நீங்க ரெண்டு பேரும் ஒரே குடும்பமா? நல்லதாப் போச்சு. நீங்கதான் ஜோடி. கடைசி வரைக்கும் மாத்த மாட்டேன்" என்றார். மச்சான் கூரையைப் பார்த்தான். நான் வடிகாலைப் பார்த்தேன்.

முதுகில் காற்று சிலிண்டர். அதிலிருந்து ஒரு கறுப்புக் குழாய் வாய்க்கு வருகிறது. அதன் முனையில் இருக்கும் ரெகுலேட்டரைக் கடித்துக்கொண்டு மூச்சு விட வேண்டும். இது போதாதென்று மஞ்சள் குழாயில் இன்னொரு ரெகுலேட்டர் சும்மா தொங்குகிறது. அவசரத்துக்கு மாற்று. கடைசியில் கடலுக்குப் போகும்போது மஞ்சளை மட்டும் சொந்தமாக வாங்கிக்கொள்வது நல்லது, பயிற்சிப் பள்ளியில் இருப்பது ஊர் வாயெல்லாம் பட்டது என்றார்.

மாற்று என்றதும் எனக்கு மனம் குளிர்ந்துவிட்டது. என் வேலை லிஃப்டுகளைச் சோதித்துச் சான்று கொடுப்பது. கயிறு அறுந்தால் பிடிக்க ஒரு பிரேக் இருக்க வேண்டும் என்பதற்காகவே இத்தனை காலம் சம்பளம் வாங்கியிருக்கிறேன். மற்றவர்கள் லிஃப்டில் ஏறினால் கண்ணாடியில் தலை வாரிக்கொள்கிறார்கள். நான் கூரையைத் தட்டிப் பார்க்கிறேன். அந்த மஞ்சள் குழாயைப் பற்றிய யோசனையிலேயே இருந்ததால் விசிலம்மா அதற்கப்புறம் சொன்னது எதுவும் காதில் ஏறவில்லை.

மார்ச் 14, புதன்

ஒரு துணிக்கடையில் லிஃப்ட் சோதனை. மொட்டை மாடியில் மோட்டார் அறைக்குள் உட்கார்ந்து, மெக்கானிக் கயிற்றுக்கு எண்ணெய் போடும் நேரத்தில் போனில் ரெகுலேட்டர்களை அலசினேன். வாங்கினவர்கள் எழுதியிருப்பதைப் படித்தால் தலை சுற்றுகிறது. ஒருவர் 'காற்று தானாக வருகிறது, நான் எதுவுமே செய்யவில்லை' என்கிறார். இன்னொருவர் 'தாடை வலிக்கிறது, மனைவியிடம் கூடப் பேச முடியவில்லை' என்று எழுதி ஐந்து நட்சத்திரமும் கொடுத்திருக்கிறார்.

வீட்டிலும் அதே வேலைதான். சாப்பாடு ஆறிப்போனது.

"என்னைக் கட்டிக்கறதுக்கு முன்னாடி இவ்ளோ விசாரிச்சீங்களா?" என்றாள் இவள்.

விசாரிக்கவில்லை. விசாரித்திருந்தால் தம்பி உண்டு என்பது முதலிலேயே தெரிந்திருக்கும்.

மார்ச் 17, சனி

வாங்கிவிட்டேன்!

கடை முழுக்க ரப்பர் வாசனை. கூரையிலிருந்து துடுப்புச் செருப்புகள் தொங்குகின்றன, தலையில் இடிக்கின்றன. கடைக்காரர் இரண்டை எடுத்து மேசையில் வைத்தார். முதலாவதில் காற்றைக் கூட்டிக் குறைக்க ஒரு குமிழ். கடிக்கும் ரப்பர் மெத்தென்று இருந்தது. தலையை எந்தப் பக்கம் திருப்பினாலும் குழாய் கூடவே திரும்புகிறது.

"பட்டு மாதிரி இருக்கும் சார். இழுக்கவே வேண்டாம், அதுவா வரும்."

"இன்னொண்ணு?"

அவர் அதைக் கொஞ்சம் தள்ளி வைத்தார். "இது… வேலை செய்யும்."

இந்த 'வேலை செய்யும்' என்பதை இதே குரலில் நான் எத்தனையோ லிஃப்டுகளைப் பற்றிச் சொல்லியிருக்கிறேன். அப்புறம் படி வழியாகத்தான் இறங்கியிருக்கிறேன். மறுபேச்சில்லாமல் அந்தப் பட்டு ரெகுலேட்டரை எடுத்துக்கொண்டேன். உயிர் விஷயத்தில் கஞ்சத்தனம் கூடாது. வீட்டுக்கு வந்து சோபாவில் உட்கார்ந்து அதைக் கடித்துக்கொண்டே செய்தி பார்த்தேன்.

மார்ச் 18, ஞாயிறு

கருமம்.

எல்லாருக்கும் தெரிகிற மாதிரி அதைக் கையில் எடுத்துக்கொண்டு போனேன். விசிலம்மா வாங்கிப் பார்த்தார். குமிழைத் திருகினார். முகம் மலர்ந்துவிட்டது.

"எல்லாரும் இங்க பாருங்க! ஜோடி மேல அக்கறைன்னா இதுதான்!"

எனக்குப் புரியவில்லை. ஜோடி இதில் எங்கே வந்தான்?

"சார், இதை நீங்க கடிக்கப் போறது அபூர்வம். உங்க ஜோடிக்குக் காத்து தீந்துட்டா அவர் உங்ககிட்டதான் வருவார். உங்க மஞ்சளை அவருக்குக் குடுக்கணும். உங்களுக்குத் தீந்தா அவரோட மஞ்சள் உங்களுக்கு. மொத நாளே சொன்னேனே?"

மச்சான் குளத்தின் விளிம்பில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தான். ஆட்டம் நின்றது. என் கையில் இருந்ததைப் பார்த்தான். பிறகு தன் பையை மெதுவாகக் காலுக்குப் பின்னால் தள்ளி வைத்தான். அதில் என்ன ரகசியமோ.

ஆக, மோட்டார் அறையில் வெந்து, ஊரெல்லாம் விசாரித்து, தலையில் துடுப்பு இடிபட்டு நான் வாங்கியது அவன் வாய்க்கு!

மார்ச் 20, செவ்வாய்

அந்தப் பட்டு. அவன் வாய்க்கு. இரண்டு நாளாக இதே நினைப்பு.

மார்ச் 22, வியாழன்

மாற்றிக்கொண்டு வந்துவிட்டேன். 'வேலை செய்யும்' என்றாரே, அதைத்தான்.

ஒன்றை இங்கே தெளிவாக எழுதி வைக்கிறேன். இதில் ஆபத்து எதுவும் இல்லை. நானே கேட்டு உறுதி செய்துகொண்டேன். காற்று வரும். கொஞ்சம் உழைத்து உறிஞ்ச வேண்டும், அவ்வளவுதான். ஒரு வாஷிங் மெஷினைக் கடைசிப் படி வரை தூக்கி முடிக்காதவனுக்கு உழைப்பு என்றால் என்ன என்று தெரியட்டுமே.

கடைக்காரர் பட்டு ரெகுலேட்டரைப் பெட்டியில் போட்டுக்கொண்டே, "என்ன சார், இந்த வாரம் நல்லதைக் குடுத்துட்டு இதை வாங்கிட்டுப் போறீங்க எல்லாரும்?" என்றார். ஊரில் சிக்கனக்காரர்கள் பெருகிவிட்டார்கள் போலிருக்கிறது.

மார்ச் 24, சனி

காலையில் பல் தேய்க்கும்போது உறைத்தது. அவன் மஞ்சள்தானே எனக்கு? அவன் என்ன வாங்கியிருப்பான்? கண்ணாடி ஃபிரேமிலேயே ஒட்டுப்போட்டு விற்கிறவன்.

இவளைக் கூப்பிட்டேன். "உன் தம்பிகிட்ட சொல்லு. உயிர் விஷயம். மஞ்சள் ரெகுலேட்டர் மட்டும் நல்லதாப் பார்த்து வாங்கச் சொல்லு. விலையைப் பார்க்க வேணாம்னு சொல்லு."

இவள் என்னை ஒரு நிமிடம் பார்த்தாள். மூக்கு சிவந்துவிட்டது. "இதை நீங்களா சொல்றீங்க?" என்று செருப்பைக்கூட மாற்றாமல் அவன் கடைக்கு ஓடினாள்.

திரும்பி வந்தவள் வாசலிலேயே அழுதாள். "நான் வாயைத் திறக்கறதுக்கு முன்னாடியே அவன் சொல்றான் - மாமாகிட்ட சொல்லுக்கா, மஞ்சளை மட்டும் நல்லதா வாங்கச் சொல்லு, விலையைப் பார்க்க வேணாம்னு. ரெண்டு பேருக்கும் எவ்ளோ பாசம்! வெளிய காட்டிக்கத்தான் தெரியல."

நான் அவள் தோளைத் தட்டிக்கொடுத்தேன். வேறு என்ன செய்ய? இந்த விஷயத்தில் இனி மூச்சு விடக்கூடாது.

மார்ச் 25, ஞாயிறு

குளத்தில் ஒத்திகை, பள்ளிக் கருவியை வைத்து. காற்று தீர்ந்தால் கழுத்தை அறுப்பது போலக் கையைக் காட்ட வேண்டும். மச்சானுக்கு முன்னால் அந்தச் சைகையைக் காட்டுவதில் எனக்குச் சிரமமே இல்லை. ஆனால் நான் காட்டியதும் அவன் தன் முகமூடியைச் சரிசெய்ய ஆரம்பித்துவிட்டான். பவர் போட்டுத் தானே செய்துகொண்ட முகமூடி. என்னைத் தெளிவாகப் பார்த்துக்கொண்டேதான் சரிசெய்தான். விசிலம்மா மேலே இழுத்துக்கொண்டு போய் இரண்டு பேரையும் வாங்கு வாங்கென்று வாங்கினார்.

மறுபடி செய்தோம். மஞ்சளைக் கொடுத்தான். ஒருவர் முழங்கையை இன்னொருவர் பிடித்துக்கொண்டு மேலே வர வேண்டும் என்பது விதி. பிடித்தோம். இரண்டு வருடத்தில் இதுதான் முதல் தொடுதல். அவன் இளைத்திருக்கிறான்.

மார்ச் 31, சனி

ஒரு ஆஸ்பத்திரி லிஃப்டுக்குச் சான்று தர மறுத்தேன். மேலாளர், "சார், மாற்று பிரேக்தானே? அதை யார் தொடப் போறாங்க?" என்றார். அவரை உட்கார வைத்து நீளமாக விளக்கினேன். என்றைக்கோ ஒருநாள், யாரோ ஒருத்தருக்காக என்று நான் சொன்னபோது எனக்கே ஏதோ இடறியது. தண்ணீர் குடித்தேன், சரியாகிவிட்டது.

ஏப்ரல் 5, வியாழன்

கறுப்புக் குழாய் பள்ளியுடையது. அதைக் கடித்து ஈறு புண்ணாகிவிட்டது. மெத்தென்ற ரப்பர் ஒன்று வாங்கி நானே மாட்டினேன். ரப்பர் கழன்று வராமல் சுற்றிக் கட்ட ஒரு பிளாஸ்டிக் பட்டை இருக்கிறது. விசிலம்மா தானே கட்டித் தருவதாகச் சொன்னார். வேண்டாம் என்றேன். பத்து மாடி லிஃப்டுக்கே உத்தரவாதம் தருகிறவனுக்கு ஒரு பட்டை கட்டத் தெரியாதா?

ஏப்ரல் 8, ஞாயிறு

இருக்கிறேன். நாளை எழுதுகிறேன்.

ஏப்ரல் 9, திங்கள்

லீவு போட்டிருக்கிறேன். எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் இன்றும் தூக்கம் வராது.

படகில் போகும்போது நானும் அவனும் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். மஞ்சளை நெஞ்சில், எல்லாருக்கும் தெரிகிற இடத்தில் மாட்ட வேண்டும். நான் இடுப்புப் பக்கமாகச் செருகி வைத்தேன். வேண்டுமென்றால் தேடி எடுத்துக்கொள்ளட்டுமே என்று.

இறங்கினோம். முதலில் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. பச்சை வெளிச்சம், ஒரு பாறை, கூட்டமாக ஏதோ சின்ன மீன்கள். விசிலம்மா இன்னொரு ஜோடியுடன் கொஞ்சம் முன்னால் போய்க்கொண்டிருந்தார். நான் பாறையைப் பார்க்கத் தலையைத் திருப்பினேன். கறுப்புக் குழாய் திரும்பவில்லை. அது தன் வழியில் போய்விட்டது. என் வாயில் மெத்தென்ற ரப்பர் மட்டும் இருந்தது. நான் கட்டிய பட்டை!

அந்த ரப்பரைக் கடித்துக்கொண்டு மூச்சை இழுத்தேன். உப்பு. தொண்டை வரைக்கும் உப்பு.

மஞ்சளைத் தேடினேன். இடுப்பில் இல்லை. எப்போதோ நழுவி முதுகுப் பக்கம் போயிருக்க வேண்டும். கையை வீசுகிறேன், தண்ணீர்தான் கையில் வருகிறது. செத்தேன், இப்படித்தான் சாவு வரும் போலிருக்கு, வாயில ஒரு ரப்பரோட - இதுதான் நினைப்பு. பெரிதாக வேறு எதுவும் தோன்றவில்லை.

திரும்பினால் மச்சான் முகம் பக்கத்திலேயே இருந்தது. கழுத்தை அறுத்துக் காட்டினேன். இந்தத் தடவை அவன் முகமூடியைத் தொடவில்லை. கை நேராகத் தன் மஞ்சளுக்குப் போனது. பிடித்தான். பாதி நீட்டினான். நின்றுவிட்டான்.

நிற்கிறானே! பாவி, இப்பவா யோசிக்கிற?

மஞ்சளை விட்டுவிட்டுத் தன் வாயில் இருந்த கறுப்பைப் பிடுங்கி என் வாயில் திணித்தான்.

காற்று. நான் அதைப் பற்றி எழுதப்போவதில்லை. எழுத வராது.

நாலைந்து மூச்சுக்கு அப்புறம்தான் அவனைப் பார்த்தேன். தன் மஞ்சளைத் தானே கடித்துக்கொண்டிருந்தான். ஒவ்வொரு இழுப்புக்கும் கன்னம் உள்ளே போகிறது, கண் வெளியே வருகிறது. என் முழங்கையைப் பிடித்திருந்த பிடியை விடவில்லை. அப்படியே மெதுவாக மேலே வந்தோம். விசிலம்மா பாதி வழியில் வந்து சேர்ந்துகொண்டார்.

படகில் ஏறி, குடித்த கடலையெல்லாம் கக்கினேன். அவன் என் முதுகைத் தடவிக்கொண்டிருந்தான். இரண்டு வருடத்துக்குப் பிறகு நான் அவனிடம் நேராகப் பேசிய முதல் வார்த்தை, நன்றி என்று இருந்திருக்க வேண்டும்.

"மஞ்சளைத்தானே குடுக்கணும்? அந்தம்மா எத்தனை தடவ சொன்னாங்க? நடுவுல என்ன யோசனை உனக்கு?"

அவன் உதட்டைத் துடைத்துக்கொண்டான். "அதுல நீங்க மூச்சு விட முடியாது மாமா."

"ஏன்?"

"உங்களுக்குன்னு பார்த்துப் பார்த்து வாங்கினது. அதான் குடுக்க மனசு வரல."

நான் அவன் மடியில் கிடந்த மஞ்சளைப் பார்த்தேன். பிறகு என் முதுகுக்குப் பின்னால் கையை விட்டு என்னுடையதைத் தேடி எடுத்து அதன் பக்கத்தில் வைத்தேன். இரண்டும் ஒரே அச்சு. 'வேலை செய்யும்.'

அவன் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தான். "மொதல்ல ஒண்ணு வாங்கியிருந்தீங்களே, குமிழ் வெச்சது?"

"திருப்பிக் குடுத்துட்டேன்."

"நானும்."

எங்களுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்குச் சிரிப்போடு மிச்சக் கடலும் வந்தது. விசிலம்மா கண் கலங்க எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். "வாயில இருக்கறதையே எடுத்துக் குடுத்தீங்களே! இனிமே என் வகுப்புல உங்க ரெண்டு பேரைப் பத்தித்தான் சொல்லப்போறேன்" என்றார். நாங்கள் அடக்கமாகத் தலையைக் குனிந்துகொண்டோம்.

எல்லாம் சரி. ஆனால் ஒன்று. இடம் மாறியிருந்தால் நான் என்ன செய்திருப்பேன்? என் வாயில் இருந்ததை எடுத்திருப்பேனா? நேற்றிலிருந்து கேட்டுக்கொண்டே இருக்கிறேன். எடுத்திருப்பேன் என்று எழுதத்தான் ஆசை.

ஏப்ரல் 10, செவ்வாய்

மச்சான் வந்திருந்தான். வாசலில் நின்று அக்காவைக் கூப்பிடாமல் நேராக உள்ளே வந்து என் பக்கத்தில் சோபாவில் உட்கார்ந்தான். இவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அந்த ஜோரில் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து மஞ்சள் கதையைச் சொன்னோம். நான் பாதி, அவன் பாதி. நல்ல நகைச்சுவையாகத்தான் சொன்னோம்.

இவள் சிரிக்கவில்லை. கையில் இருந்த தட்டைக் கீழே வைத்தாள்.

"அன்னிக்கு நான் வாசல்ல நின்னு அழுதேனே. அப்ப உங்க பையில எது இருந்துச்சு?"

நான் மச்சானைப் பார்த்தேன்.

"உன் பையில?"

அவன் கூரையைப் பார்த்தான். நான் தரையைப் பார்த்தேன்.

"மூச்சுடா. மூச்சுல போயா விளையாடினீங்க? ரெண்டுல ஒண்ணு திரும்பி வரலைன்னா நான் யார் முகத்துல முழிப்பேன்?" என்று கேட்டுவிட்டு உள்ளே போனாள். கதவைச் சாத்தவில்லை. சாத்தியிருந்தால்கூடத் தேவலை.

ஏப்ரல் 12, வியாழன்

இவள் பேசவில்லை.

ஏப்ரல் 14, சனி

இன்னும் இல்லை. சாப்பாடு மேசைக்கு வருகிறது, குழம்பில் உப்பு சரியாக இருக்கிறது. அதுதான் பயமாக இருக்கிறது.

மச்சானும் நானும் கடைக்குப் போனோம். அவனுடையதை நான் வாங்குவது, என்னுடையதை அவன் வாங்குவது என்று ஏற்பாடு. கடைக்காரர் எங்கள் இரண்டு பேரையும் ஒன்றாகப் பார்த்ததும் தலையில் கையை வைத்துக்கொண்டார். உள்ளே போய்ப் பழைய இரண்டு பெட்டிகளையும் எடுத்து வந்தார். அப்போதும் ஒரு சண்டை. அவனுக்குத் தாடை சின்னது, ரப்பரைச் சின்ன அளவில் போடச் சொன்னேன். பெரியதுதான் வேண்டும் என்று அடம் பிடித்தான். நடுக்கடையில் கத்திக்கொண்டோம், நேருக்கு நேர். நன்றாக இருந்தது.

பட்டையை அவன்தான் கட்டினான். நான் இழுத்துப் பார்த்தேன். வரவில்லை.

ஏப்ரல் 15, ஞாயிறு

மாலையில் மச்சான் வந்தான். நேராகச் சமையலறைக்குப் போனான். அங்கே இவள் அவனிடம் பேசினாள், தம்பி என்பதால் அவனுக்குத் தண்டனை அதற்குள் முடிந்துவிட்டது போல. நான் சோபாவில் உட்கார்ந்து பேப்பரைப் பிரித்து வைத்துக்கொண்டிருந்தேன். சுவர் மெல்லியது, இவள் குரல் மெல்லியதல்ல. அந்த மனுஷன் என்று ஆரம்பித்து அவள் சொன்னது ஒவ்வொன்றும் எனக்கு இங்கேயே கேட்டது. தண்டம் என்ற சொல்லும் வந்தது.

கொஞ்ச நேரம் கழித்து மச்சான் இரண்டு டம்ளர் காப்பியோடு வெளியே வந்தான். ஒன்றை என் கையில் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"அக்கா உங்கள ரொம்ப விசாரிச்சாங்க மாமா" என்றான்.